கீரை சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்

முருங்கைக்கீரைப் பொரியலும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டுவிட்டு, கை காய்வதற்குள் டீயோ காபியோ குடித்தால் அதிலிருந்த இரும்புச்சத்தில் நிறைய உடம்பில் சேராமலே போய்விடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயைத் தள்ளி வையுங்கள். அப்புறம், பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள், இல்லையென்றால் பாதி நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இருந்தால்தான் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும், கொதிக்கும்போதே பிழிந்தால் அந்த வைட்டமின் வீணாகும். ஈரல், மீன் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடுகிறோம், அதுதான் சிக்கல். கர்ப்பம் இல்லாதபோது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகைதான். மாதவிடாயில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றவேண்டியிருந்தால் கீரை மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம்.