உதிர்ந்த நகமும் உதிராத நகமும்: பூனை வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு ஒரு பூனை குடிவந்து சில மாதங்களான பின், செற்றி மெத்தையின் மடிப்பில் பிறை வடிவமான நகமொன்று கிடப்பதைக் கண்டேன். நகம் கழன்று விழுந்துவிட்டதென்று பதறி, அதைக் கடதாசியில் பொதிந்துகொண்டு பூனையையும் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் ஓடினேன். அவர் பூனையைப் பார்ப்பதற்கு முன்பே பொதியைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். அது வெறும் கோது.

பூனையின் நகம் கெரட்டின் என்னும் புரதம் அடுக்கடுக்காகப் படிந்து உருவாவது. உள்ளே புதிய அடுக்குகள் வளர வளர, தேய்ந்துபோன வெளியடுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கோதாகக் கழன்று விழ, அடியிலிருந்து கூரான புதிய நுனி வெளிப்படுகிறது. முன்னங்கால் கோதுகளைப் பூனை பெரும்பாலும் பிறாண்டும்போது கழற்றிவிடும்; பின்னங்கால் கோதுகளைப் பல்லால் கடித்து இழுக்கும். ஆகவே பூனை தன் பின்னங்கால் நகத்தைக் கடிப்பதைக் கண்டவுடன் அதட்டுவதும், பாதி கழன்று தொங்கும் கோதை நாமே பிடுங்கிவிடுவதும் தவறு. விழுந்த துண்டு உள்ளே பொள்ளலாகவும் காய்ந்தும் இருந்தால் கவலைக்கிடமில்லை. துண்டு திண்மையாக இருந்து, விரலில் இரத்தமோ வீக்கமோ காணப்பட்டு, பூனை நொண்டியபடி அந்த விரலையே இடைவிடாமல் நக்கினால், அது உதிர்வு அன்று, முறிவு. அதற்கு வைத்தியம் தேவை.

இரண்டாவது தவறு, பிறாண்டுவதைக் குறும்பென்று எண்ணி அடிப்பது. பூனை பிறாண்டுவது கோதைக் கழற்றுவதற்கு மட்டுமன்று. உடலை நீட்டி நிமிர்த்துவதற்கும், விரல்களுக்கிடையே சுரக்கும் வாசனையால் தன் இடத்தை அடையாளப்படுத்துவதற்குந்தான். முற்றமுள்ள வீட்டுப் பூனைக்கு மாமரம் இருக்கிறது, தென்னை இருக்கிறது. மூன்றாம் மாடியில், வழுவழுப்பான தரையோடுகளுக்கும் கண்ணாடிக் கதவுகளுக்கும் நடுவே வாழும் பூனைக்கு நகம் பற்றக்கூடிய ஒரே பொருள் நம்முடைய செற்றிதான் என்றால் பழியை யார்மேல் போடுவது? இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள கட்டையொன்றில் தும்புக் கயிற்றை இடைவெளியின்றி இறுகச் சுற்றி, கனமான பலகையில் அறைந்து நிறுத்தினால் போதுமானது. பலர் செய்யும் பிழை கட்டையைக் குட்டையாக வைப்பதும், அது ஆடும்படி விடுவதும், கண்ணில் படாத மூலைக்குத் தள்ளுவதுமே. பின்னங்கால்களில் எழுந்து முழுவுடலையும் நீட்ட முடியாத கட்டையையும், தொட்டவுடன் சரியும் கட்டையையும் பூனை மறுபடி திரும்பிப் பாராது. தூங்கி எழும் இடத்துக்கு அருகிலோ செற்றிக்குப் பக்கத்திலோ வையுங்கள். கயிறு நைந்துபோனதும் அழகுக்காக உடனே மாற்ற வேண்டாம். அந்த நைவுதான் பூனைக்குப் பிடித்தமானது.

நகம் வெட்டுவதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் பகுதி. அதற்கு இரண்டு மில்லிமீற்றராவது முன்னால், வளைந்த கூர்நுனியை மட்டுமே வெட்ட வேண்டும். விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் தானாக வெளியே வரும். நாம் பயன்படுத்தும் நகவெட்டியால் பக்கவாட்டில் நசுக்கினால் நகம் பிளந்துவிடும் என்பதால் பூனைகளுக்கென விற்கப்படும் சிறு கத்தரியே நல்லது. எல்லா நகங்களையும் ஒரே அமர்வில் வெட்டி முடிக்கப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். இன்று இரண்டு, நாளை இரண்டு என்று போனாலும் குறைவொன்றுமில்லை. தெருவில் இறங்கித் திரியும் பூனைக்கோ நகத்தை வெட்டாமல் விடுவதே மேல், ஏனெனில் நாய் துரத்தினால் மதிலேற அதற்கு வேறு துணையில்லை.

தவறி இரத்தம் வந்தால் நுனியில் சோளமாவை ஒற்றி, சுத்தமான பஞ்சால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கையில் அகப்படும் டெட்டோலை ஊற்றுவதும், வலிக்குமே என்று இரங்கிப் பனடோல் கொடுப்பதும் நகம் வெட்டியதைவிடப் பன்மடங்கு பெரிய தீங்கு. பனடோலிலுள்ள பரசிற்றமோலைப் பூனையின் ஈரலால் முறையாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரேயொரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கக்கூடும். இந்தப் போராட்டத்தில் உங்களைப் பூனை கீறிவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி போடப்படாத பூனையென்றால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செற்றியைக் காப்பதற்காக நகங்களையே நிரந்தரமாக நீக்கிவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது நகத்தை மட்டும் எடுக்கும் சிகிச்சையன்று. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் மூட்டோடு துண்டிப்பது. பல நாடுகள் அதைத் தடைசெய்துள்ளன. அமெரிக்காவில் முதலாவதாக நியூயோர்க் மாநிலம் 2019இல் தடைசெய்தது.

இத்தனைக்கும், கோது விழுந்ததற்கு என்னைப் போலக் கலங்குபவர்கள், விழாத நகத்தைக் கவனிப்பதில்லை. முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே, தரையில் படாமல் நிற்கும் ஐந்தாவது நகம் நடையில் தேய்வதில்லை. வயதான பூனை மூட்டுவலியால் பிறாண்டுவதைக் குறைக்கும்போது, கோது மேல் கோதாகத் தடித்து, வட்டமாக வளைந்து, பாதத்தின் மென்சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடுவதுண்டு. தைரொயிட் சுரப்பு மிகும் நோயிலும் நகம் இவ்வாறு தடிக்கலாம். ஓட்டின்மேல் நடக்கும்போது டிக் டிக் என்று நகம் தட்டும் ஓசை கேட்டால், அன்றைக்கே எல்லா விரல்களையும் விரித்துப் பாருங்கள். குத்தி இறங்கிய நகத்தை வீட்டில் இழுத்தெடுக்க முயல வேண்டாம். அடியில் சீழ் கட்டியிருக்கக் கூடும் என்பதால் மிருக வைத்தியரே வெட்டியகற்றிக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு காலில் அவ்வாறு நேர்ந்திருந்தால் மற்றக் காலையும் அப்போதே காட்டிவிடுங்கள்.