சரணத்தை நோட்டுக்கு அடியில் உட்கார வைப்பது

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீத பவனி தொடங்குமுன் பாடகர் குழுவுக்கு நான்கு குரலுக்கும் (சோப்ரானோ, அல்டோ, டெனர், பேஸ்) பாட்டு அச்சடித்துக் கொடுப்பது என் தலையில் விழும். இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் நோட் (சுரக்குறி) போடுவது ஒரு மாலை வேலைதான். அதற்கடியில் தமிழை வைப்பதற்குத்தான் ராத்திரி முழுக்க விழிக்க வேண்டியிருக்கும்.

முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எல் அழுத்துங்கள், கர்சர் அடியில் வந்து நிற்கும். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த நோட்டுக்குத் தாவும். ஹைபன் தட்டினாலும் தாவும், ஆனால் சொல் இன்னும் முடியவில்லை என்று இடையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளும். இதனால்தான் ஸ்பேஸ் தட்டினால் தமிழாக மாறும் வகை விசைப்பலகை இங்கே ஒத்துவராது. நான் நேரடியாகத் தமிழ் விழும் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன்.

இனி எங்கே வெட்டுவது? 'விடியும் நேரம் வந்ததே' என்று ஒரு வரி, எட்டு நோட் என்று வையுங்கள். எழுத்தெழுத்தாக எண்ணினால் பதினொன்று வரும், திணறுவீர்கள். பாடிப் பாருங்கள்: வி-டி-யும், நே-ரம், வந்-த-தே. எட்டு. மெய் எப்போதும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக ஒரு நோட்டுக்கு அடியில் விட்டால் அல்டோ பிள்ளைகள் அதையும் பாடிவிடுவார்கள், பாடியிருக்கிறார்கள். கடைசி 'தே' மூன்று நோட்டுக்கு இழுபடுகிறதா? அடுத்த சொல் வர வேண்டிய நோட்டுக்குக் கர்சர் போகும்வரை அண்டர்ஸ்கோர் அழுத்துங்கள். சொல்லின் நடுவில் இழுத்தால் அண்டர்ஸ்கோருக்குப் பதில் ஹைபன்.

இரண்டாம் சரணத்துக்கு அதே நோட்டில் நின்று என்டர் தட்டினால் அடுத்த வரி. சரண எண் போட '2.' அடித்து, கன்ட்ரோல் ஸ்பேஸ், பிறகு முதல் அசை. வெறும் ஸ்பேஸ் தட்டினால் எண் ஒரு நோட்டை விழுங்கிவிடும்.

பழைய பாட்டுக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுபவர்கள் கவனிக்க. டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்ததை ஒட்டினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்புறம் எழுத்துரு. மியூஸ்கோர் 4 தானாக எடுக்கும் எட்வின் எழுத்துருவில் தமிழ் கிடையாது, கணினி வேறொன்றை இரவல் வாங்கிக் காட்டும், இன்னொரு கணினியில் அதுவும் மாறும். ஃபார்மேட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய் நோட்டோ சான்ஸ் தமிழ் வையுங்கள். லிரிக்ஸ் அங்கே ஆட் லைன்ஸ் (ஒற்றைப்படை வரிகள்), ஈவன் லைன்ஸ் (இரட்டைப்படை வரிகள்) என்று இரண்டாக இருக்கும். நான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாம் சரணம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்தேன். எழுத்துரு மாறாமலிருக்க, அச்சடிக்கும் கடைக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்கள்.

பிழை திருத்த எழுத்தின்மேல் இருமுறை கிளிக் செய்தால் போதும்.

பாடலுக்கு வெளியே எழுதுவதில்தான் நான் மாட்டினேன். 'பல்லவி 2 முறை' என்பதை கன்ட்ரோல் டி-யில் (T), சோப்ரானோ வரியின்மேல் போட்டேன். அது அந்த ஒரு வரிக்கு மட்டும் உரியது. குரல் வாரியாகத் தனித்தனியே அச்சடித்தபோது மற்ற மூன்று தாள்களிலும் வரவில்லை. ஆராதனையில் சோப்ரானோ பெண்கள் மறுபடி பல்லவி எடுக்க, பேஸ் சரணத்துக்குப் போய்விட்டது. முடிந்ததும் பேஸ் பாடும் சித்தப்பா தாளை நீட்டினார்: "எங்களுக்கு அப்படி ஒண்ணும் போடலியே மக்கா."

எல்லாருக்கும் பொதுவானதை கன்ட்ரோல் ஷிஃப்ட் டி-யில் போடுங்கள், எல்லாத் தாளிலும் வரும். 'ஆண்கள் மட்டும்' போன்றதற்குத்தான் கன்ட்ரோல் டி.