செக்யூர் பூட்: சாவியை உங்கள் கைக்கு மாற்றுவது எப்படி

கணினி தொடங்கும்போது பூட்லோடரின் (இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பதுதான் செக்யூர் பூட். அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்தச் சரிபார்ப்புக்கான சாவி, கணினியை விற்றவரிடம் மட்டுமே இருந்தால், காசு கொடுத்து வாங்கிய கணினியில் எது ஓடலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். 2012-இல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 8 சான்றிதழ் விதி, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் உரிமையாளர் இதை அணைக்கவும் சொந்தச் சாவி ஏற்றவும் வழி இருக்க வேண்டும் என்றது. ஆர்ம் வகைச் சிப் உள்ள கருவிகளில் அணைக்கவே விடக்கூடாது என்றது. விண்டோஸ் 10 வந்ததும் எக்ஸ்86-இலும் அணைக்கும் வசதி தயாரிப்பாளர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதனால் வாங்குமுன் அந்த மாடலின் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) கையேட்டைத் திறந்து, சாவியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாவியை மாற்ற, லினக்ஸில் எஸ்பிசிடிஎல் (sbctl) என்ற கருவி போதும். விண்டோஸும் கூடவே இருந்தால் முதலில் பிட்லாக்கரின் (விண்டோஸின் வட்டு மறையாக்கம்) 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட் சாவி மாறினால் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் அளவீடும் மாறும், விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும்.

பயாஸில் பிளாட்ஃபார்ம் கீ என்ற தலைமைச் சாவியை மட்டும் நீக்கினால் கணினி, புதுச் சாவியை ஏற்க விடும் செட்டப் மோடுக்குப் போகும். லினக்ஸுக்குத் திரும்பி 'எஸ்பிசிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்து அதை உறுதி செய்யுங்கள். பிறகு ரூட் (நிர்வாகி) உரிமையோடு, சாவியை உருவாக்க 'கிரியேட்-கீஸ்', அடுத்து அதை ஏற்ற 'என்ரோல்-கீஸ்'. இரண்டாவதில் மைனஸ் எம் என்ற தெரிவை விட்டுவிடாதீர்கள். அதுதான் மைக்ரோசாஃப்ட் சாவிகளையும் சேர்த்து ஏற்றுகிறது. பல கிராஃபிக்ஸ் கார்டுகளின் ஆப்ஷன் ரோம் (கார்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) அந்தச் சாவியால்தான் கையொப்பமிடப்பட்டிருக்கும். அது இல்லாவிட்டால் திரை இருண்டே கிடக்கும், பயாஸுக்குள் நுழையக்கூட முடியாமல் போகலாம். கோப்பை மாற்ற முடியாது என்று பிழை வந்தால், ஈஎஃப்ஐவார்ஸ் (efivars) அடைவில் உள்ள கேஈகே (KEK), டிபி (db) என்ற சாவிக் கோப்புகளின் இம்யூட்டபிள் (மாற்றத் தடை) குறியை 'சிஹெச்ஏட்டர்' (chattr -i) கட்டளையால் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இனி 'வெரிஃபை' கொடுத்தால் கையொப்பமில்லாத கோப்புகள் பட்டியலாக வரும். பூட்லோடர், கெர்னல் (லினக்ஸின் மையநிரல்) இரண்டுக்கும் 'சைன்' மைனஸ் எஸ் கொடுங்கள். அந்த எஸ்தான் கோப்பின் பாதையை நினைவில் வைக்கிறது. இல்லையென்றால் அடுத்த கெர்னல் அப்டேட்டில் கணினி தொடங்காது. அப்படி நின்றுவிட்டால் செக்யூர் பூட்டை அணைத்துத் தொடங்கி, விடுபட்ட கோப்புக்குக் கையொப்பமிடுங்கள்.

பலர் கவனிக்காத இரண்டு ஓட்டைகள் உண்டு. தனியாக இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான கோப்புகளின் தொகுப்பு) சரிபார்ப்புக்கு உட்படாது. அதையும் கெர்னலோடு ஒரே கோப்பாகக் கட்டிக் கையொப்பமிடுவதே சரி. இன்னொன்று, உங்கள் ரகசியச் சாவி வட்டிலேயே இருக்கிறது. வட்டை லக்ஸால் (லினக்ஸின் வட்டு மறையாக்கம்) மறையாக்கம் செய்யாவிட்டால், கணினி கையில் கிடைத்த எவரும் உங்கள் பெயரில் கையொப்பமிடலாம்.

இத்தனை செய்தும் பயாஸ் நிரலை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். பயாஸையே சரிபார்க்கும் இன்டெல் பூட் கார்டு (Boot Guard) உள்ள பல கணினிகளில் தயாரிப்பாளரின் சாவி அடையாளம் சிப்செட்டின் ஃபியூஸில் எரித்துப் பதிக்கப்பட்டிருக்கும். எரித்ததை யாராலும் திருப்ப முடியாது. விற்குமுன் இதைச் சொல்லாமல் மறைப்பது அநியாயம். கோர்பூட் என்ற திறமூல மாற்று பயாஸைப் போடும் எண்ணம் இருந்தால், அதன் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மதர்போர்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.