முட்டைக்கோழித் தீவனத்தில் சோயாவுக்குப் பதில் வேறு புண்ணாக்கு சேர்ப்பது எப்படி?

சோயாவைக் குறைத்து வேறு புண்ணாக்கு சேர்க்கும்போது பலர் புரதக் கணக்கை மட்டும் சரிக்கட்டுகிறார்கள். முட்டை சிறுத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். கோழிக்கு வேண்டியது அந்தப் புரதத்துக்குள் இருக்கும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள். கலந்து முடித்த தீவனத்தில் புரதம் 16–18%, லைசின் 0.75–0.8%, மெத்தியோனின் ஏறக்குறைய 0.4%, கால்சியம் 3.5–4% இருக்க வேண்டும்.

தோல் நீக்கிய சூரியகாந்திப் புண்ணாக்கை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 100 கிலோ தீவனத்தில் 5 கிலோ சோயாவை எடுத்தால் 2.25 கிலோ புரதமும் சுமார் 140 கிராம் லைசினும் போகின்றன. 36% புரதமுள்ள சூரியகாந்தி 6.25 கிலோ போட்டால் புரதம் சரியாகிவிடும். லைசினோ 78 கிராம்தான் வரும். குறையும் 62 கிராமுக்கு, 78% லைசின் உள்ள லைசின் ஹைட்ரோகுளோரைடு 80 கிராம் சேர்க்க வேண்டும். கூடிய எடைக்கு எண்ணெய் நீக்கிய தவிட்டைக் குறையுங்கள். கால்சியம் தரும் கிளிஞ்சலில் கை வைக்காதீர்கள். நார்ச்சத்து கூடி எரிசக்தி குறைவதால் 400–500 கிராம் எண்ணெயும் தேவை. தோலோடு ஆட்டிய புண்ணாக்கில் நார் 25 சதவீதத்தைத் தாண்டும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் சோயாவைவிட அதிகம், லைசின் பாதிக்கும் கீழே. அதனால் சோயாவோடு சேர்ந்தால்தான் அது பயன்தரும். அதிலுள்ள பைட்டேட்டும் ஆக்சலேட்டும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் 5 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. ஓடு மெலிந்தால் முதலில் இதைக் குறைத்துப் பாருங்கள்.

கடலைப் புண்ணாக்கில் பயப்பட வேண்டியது பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின். வெயிலில் உலர்த்தினாலும் அது அழியாது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாத மூட்டையிலும் இருக்கலாம். ஒவ்வொரு லோடையும் பரிசோதித்து, முழுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்குள் வையுங்கள். நஞ்சைப் பிடித்துவைக்கும் கட்டுப்பான் (toxin binder) போடுகிறோம் என்று சந்தேகமான சரக்கை வாங்காதீர்கள்.

பழுப்பு முட்டையிடும் கோழிகளுக்குக் கடுகுப் புண்ணாக்கு வேண்டாம். அதிலுள்ள சினபின் என்ற பொருளிலிருந்து குடலில் மீன் வாடையுள்ள டிரைமெத்திலமைன் உண்டாகிறது. அதைச் சிதைக்க முடியாத மரபுள்ள கோழிகளின் மஞ்சள் கருவில் மீன் வாடை ஏறிவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையும் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள், சேமித்து வைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பச்சையாக்கும்.

லைசின், மெத்தியோனின் போன்ற சிறு அளவுப் பொருட்களை முதலில் 2 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். நேரடியாகக் கொட்டினால் ஒரு மூட்டையில் அதிகமாகவும் மறு மூட்டையில் இல்லாமலும் போகும்.

பழைய தீவனத்திலிருந்து 7–10 நாளில் படிப்படியாக மாறுங்கள்; முட்டை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மாற்றமே வேண்டாம். தினமும் தின்ற தீவனத்தையும் முட்டை எடையையும் குறித்துவாருங்கள். தீனி குறையாமல் முட்டை எடை மட்டும் இறங்கினால் லைசின், மெத்தியோனின் கணக்கை மறுபடி பாருங்கள். எண்ணிக்கை விழும்வரை காத்திருந்தால் மீட்க வாரக்கணக்காகும்.