சான்ரெமோவில் முடியிழந்த அரச குடும்பங்களின் தடங்களைத் தேடிப் பார்ப்பது எப்படி?

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய லிகூரியக் கடற்கரையில் இருக்கும் சான்ரெமோவை இன்று பெரும்பாலோர் அறிந்திருப்பது பாட்டுப் போட்டிக்காகவும் பூ வணிகத்துக்காகவும் சூதாட்ட மாளிகைக்காகவும்தான். ஆனால், தலைமுறை தலைமுறையாகப் போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு அரச குலங்கள், நாட்டை இழந்த பிறகு, 1920களில் இந்த ஒரே ஊரோடு பிணைக்கப்பட்டன. பால்கன் பகுதியின் சிறு நாடான மாண்டினீக்ரோவின் மன்னர் முதலாம் நிக்கோலா இறந்தபின் இவ்வூருக்கு வந்தார். கடைசி உஸ்மானிய சுல்தான் ஆறாம் மெஹ்மத் இறந்தபின் இவ்வூரைவிட்டுப் போனார். இந்த இரு கதைகளையும் ஒரே நாளில், பெரும்பாலும் கால்நடையாகவே பின்தொடர்ந்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய முதல் வேலை, நாடிழந்து வந்தவர்களையும் குளிர்காலத்தைக் கழிக்க வந்தவர்களையும் பிரித்து வைப்பது. 1874-75 குளிர்காலத்தில் இங்கே தங்கிய ரஷ்யப் பேரரசி மரியா அலெக்சாந்த்ரோவ்னாவும், 1887-88இல் தொண்டை நோயோடு வில்லா ஸிரியோவில் தங்கியிருந்த ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்கும் விருந்தாளிகளே தவிர அகதிகள் அல்லர். கடலோர நடைபாதைக்குக் கோர்ஸோ இம்பெரத்ரீச்சே, அதாவது பேரரசியின் சாலை, என்று பெயர் வந்தது அந்த மரியாவால்தான். ஊர்க்கதைகளில் இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகக் கலந்துவிடுவதால், ஒவ்வொருவருக்கும் எதிரே ஆண்டை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதேபோல் ஆறாம் மெஹ்மத்தைத் தேடும்போது வஹ்தெத்தின், வஹீதுத்தீன் என்ற பெயர்களிலும் தேட வேண்டும். துருக்கியர் அவரைப் பெரும்பாலும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். தேதிகளிலும் எச்சரிக்கை வேண்டும். அக்கால மாண்டினீக்ரோவும் உஸ்மானிய அரசும் நமக்குப் பழக்கமான நாட்காட்டியைப் பின்பற்றாதவை என்பதால், ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள் தென்பட்டால் உடனே ஒன்றைத் தவறென்று ஒதுக்கிவிடக் கூடாது.

பிரான்ஸின் நீஸ் நகரத்திலிருந்து வருவோர் எல்லை ஊரான வென்திமில்யா வழியாக ரயிலில் வரலாம். இன்றைய நிலையம் 2001இல் மலைக்கு அடியில் திறக்கப்பட்டது. கடலை ஒட்டி ஓடிய பழைய தண்டவாளம் இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டது.

நடையை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்கு மேலே, கோர்ஸோ தெல்யி இங்லேஸி சாலையிலுள்ள வில்லா தெவாச்சானிலிருந்து தொடங்கும்படி நான் சொல்வேன். இது தனியார் சொத்து என்பதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கே எந்த அரசரும் வாழவில்லை. ஆயினும் இதைத் தவிர்த்துவிட்டால் பின்னால் வருவதன் கசப்பு விளங்காது. 1920 ஏப்ரலில் முதல் உலகப் போரில் வென்ற நாடுகளின் தலைவர்கள் இந்த மாளிகையில் கூடித்தான் உஸ்மானியரின் அரபு நிலங்களைப் பங்கிட்டார்கள்: சிரியாவும் லெபனானும் பிரான்ஸின் பொறுப்புக்கும், பாலஸ்தீனமும் மெசபடோமியாவும் பிரிட்டனின் பொறுப்புக்கும் போயின.

அங்கிருந்து கீழே இறங்கினால் சூதாட்ட மாளிகைக்குப் பக்கத்தில், வெங்காய வடிவக் குவிமாடங்களோடு ரஷ்ய தேவாலயம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஷூசெவின் வரைவைக் கொண்டு எழுப்பப்பட்டு 1913இல் திறக்கப்பட்டது இது. வழிபாட்டிடம் என்பதால் அதற்கேற்ற உடையோடு போக வேண்டும். நுழைவுக்குச் சிறு தொகை கேட்டால் கொடுக்கச் சில்லறை வைத்திருங்கள். உள்ளே போவதற்கு முன், முற்றத்திலுள்ள இரண்டு மார்பளவுச் சிலைகளைப் பாருங்கள். ஒருவர் இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்தோரியோ எமானுவேலே, மற்றவர் அவருடைய மனைவி அரசி எலெனா. ரஷ்யக் கோவிலில் இத்தாலிய அரச தம்பதிக்கு என்ன வேலை என்று பலர் குழம்பி நகர்ந்துவிடுகிறார்கள். விடை எலெனாவின் பிறந்த வீட்டில் இருக்கிறது: அவர் மன்னர் நிக்கோலாவின் மகள்.

நிக்கோலா 1860இல் ஆட்சிக்கு வந்தவர். பெண்களை இத்தாலி, செர்பியா, ரஷ்யா எனப் பல அரச வீடுகளில் கட்டிக்கொடுத்ததால் 'ஐரோப்பாவின் மாமனார்' என்று அழைக்கப்பட்டவர். 1916 ஜனவரியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் நாட்டைப் பிடித்தபோது இத்தாலி வழியாக பிரான்ஸுக்குப் போனார். போர் முடிந்ததும் திரும்பலாம் என்றிருந்தவரை, 1918 நவம்பரில் போத்கோரிட்ஸாவில் கூடிய பேரவை அரியணையிலிருந்து நீக்கி, நாட்டைச் செர்பியாவோடு இணைத்தது. 1921 மார்ச்சில் பிரான்ஸின் ஆன்திப் முனையில் அவர் இறந்தார். மகள் அரசியாக இருந்த நாட்டில், அவருடைய சமயத்துக்குரிய இந்தக் கோவிலின் நிலவறையில் உடல் வைக்கப்பட்டது. 1923இல் அரசி மிலெனாவும் அவரருகே வந்து சேர்ந்தார். இப்போது கல்லறையைத் தேடி ஏமாற வேண்டாம். 1989 அக்டோபரில் இருவருடைய எச்சங்களும் மாண்டினீக்ரோவின் பழைய தலைநகரான செட்டின்யேவுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் காத்திருந்த இடத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

அடுத்து ஊரின் கடைத்தெருக்கள் வழியாகக் கிழக்கே கோர்ஸோ கவல்லோத்திக்கு நடக்க வேண்டும். நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம் போதும். வில்லா ஸிரியோவும், ஆல்ஃபிரட் நோபெல் 1896இல் உயிர்விட்ட வீடும் இந்தச் சாலையில்தான் உள்ளன. ஆனால் நாம் நிற்க வேண்டியது ஆறாம் மெஹ்மத் கடைசியாக வாழ்ந்த வில்லா மன்யோலியே முன்னால். அது இப்போது பள்ளியாகப் பயன்படுவதால், அனுமதியில்லாமல் உள்ளே நுழையவோ மாணவர்களைப் படமெடுக்கவோ கூடாது.

1922 நவம்பர் 1 அன்று அங்காராவின் தேசியப் பேரவை சுல்தான் பதவியை ஒழித்தது. 17ஆம் தேதி வஹ்தெத்தின் 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இஸ்தான்புல்லைவிட்டு மால்டாவுக்குப் போனார். பிறகு மெக்கா இருக்கும் அரேபியப் பகுதியான ஹிஜாஸுக்குச் சென்று, அங்கும் நிலைக்க முடியாமல், 1923இல் சான்ரெமோவுக்கு வந்தார். தம் பேரரசு கூறுபோடப்பட்ட ஊரிலேயே அவருக்குப் புகலிடம் கிடைத்தது. 1876-78 போரிலும் 1912 பால்கன் போரிலும் அவருடைய தாய் வேறான அண்ணன்மாரின் படைகளை எதிர்த்து நின்ற நிக்கோலா, அதே ஊரின் மறுகோடியில் நிலவறையில் கிடந்தார். 1912இல் உஸ்மானியர்மீது முதலில் போர் அறிவித்ததே மாண்டினீக்ரோதான் என்பதை இந்த வாசலில் நின்று நினைத்துப் பாருங்கள்.

1926 மே 16 அன்று வஹ்தெத்தின் இங்கே இறந்தபோது கடன் மிகுந்திருந்தது. கடன்காரர்கள் வீட்டுப் பொருள்களோடு சவப்பெட்டியையும் முடக்கிவைத்ததால், பணம் திரட்டிக் கடனைத் தீர்க்கும்வரை உடலை எடுத்துச் செல்ல முடியவில்லை. துருக்கி மண்ணில் இடமில்லாததால், டமாஸ்கஸில் அவருடைய முன்னோர் கட்டிய சுலைமானியா தக்கியா என்ற மடத்தின் வளாகத்தில் அடக்கம் நடந்தது. அந்த டமாஸ்கஸ் அப்போது பிரான்ஸின் ஆளுகையில் இருந்தது, காலையில் பார்த்த மாளிகையில் எடுத்த முடிவின்படி.

இன்னொரு நாள் கையிலிருந்தால் நீஸுக்குத் திரும்பி இதே கதையைத் தொடரலாம். 1924 மார்ச்சில் உஸ்மானிய அரச குடும்பம் முழுவதும் துருக்கியிலிருந்து வெளியேற்றப்பட்டபின், வஹ்தெத்தினின் ஒன்றுவிட்ட சகோதரரும் கடைசிக் கலீஃபாவுமான இரண்டாம் அப்துல்மஜீத் அங்கேதான் குடியேறினார். அவருடைய மகள் துர்ருஷேவார் 1931இல் ஹைதராபாத் நிஜாமின் மூத்த மகனை அந்த ஊரிலேயே மணந்து, இந்தியாவுக்குக் கப்பலேறினார்.