பழைய படகு டிரெய்லரைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி

மதுரைப் பக்கம் நிலையூர் கண்மாயில் மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்த காலத்தில், அப்பா தொண்டிப் பக்கமிருந்து ஒரு ஃபைபர் படகும் அதை ஏற்றிப்போக இரண்டு சக்கர டிரெய்லரும் வாங்கி வந்தார். படகைவிட டிரெய்லருக்கு வயது அதிகம். ஜீப்பின் முன்சக்கர ஹப்பை (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுக்குடம்) வைத்து யாரோ பட்டறைக்காரர் கையால் கட்டியது. போன கோடையில் கண்மாய் வற்றியதும் நானே அதை முழுசாகப் பிரித்துக் கட்டினேன். உங்களிடமும் இப்படி ஒன்று கிடந்தால் சித்திரை, வைகாசியில் கை வையுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் படகு தேவைப்படும். அவசரத்தில் செய்த வேலை நிற்காது.

முதலில் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள். சின்னச் சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'தொப்' என்று அமுங்கினால் உள்ளே துரு தின்றிருக்கிறது. கடற்கரை வண்டிகளில் சதுரக் குழாய்தான் மோசம். உப்புத் தண்ணீர் உள்ளே தங்கிவிடும், வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். என் வண்டியின் பின் குறுக்குக் குழாயில் ஸ்க்ரூடிரைவர் குத்தியதும் உள்ளே இறங்கிவிட்டது. அதை வெட்டிவிட்டு சி சேனல் (ஒரு பக்கம் திறந்த இரும்புச் சட்டம்) வைத்தேன். திறந்த சேனலில் தண்ணீர் நிற்காது, துருப் பிடித்தாலும் கண்ணில் படும். குழாயே வேண்டுமென்றால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தால் வெல்டிங் வைக்க வேண்டாம். சூட்டில் எஃகின் பதம் போய், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். புதுப் பட்டைதான் போட வேண்டும்.

இனி ஹப். படகு டிரெய்லரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நிலையூரிலிருந்து மாடக்குளம் போகும் வழியில் இடது சக்கரம் கிறீச்சிட்டுப் புகைந்தது. பிரித்தால் தண்ணீர் கலந்து கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது, பேரிங் உருளைகள் நொறுங்கியிருந்தன. அதற்கு முன் வேலை பார்த்த பட்டறையில் ஆயில் சீலை (தண்ணீர் உள்ளே போகாமல், கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஹப் வேலையை யார் கையிலும் விடுவதில்லை.

ஹப்பைக் கழற்றி டீசலில் கழுவுங்கள். பேரிங்கின் உருளையிலோ, அது ஓடும் வெளி வளையத்திலோ குழியோ நீலம் பாய்ந்த தடமோ இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது உருளை பழைய வளையத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். மேலே பூசினால் போதாது. சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுற்றக் கனமாகும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் தளர்த்தி, நட்டின் காடியும் அச்சின் ஓட்டையும் நேராகும்போது காட்டர் பின்னை (நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவுக் கம்பி) மாட்டுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடக்கூடாது.

சாமான் தேடும்போது 'டிரெய்லருக்கு வேணும்' என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். 'ஜீப்புக்கு' என்று கேளுங்கள். மதுரை வடக்கு வெளி வீதி மோட்டார் பார்ட்ஸ் கடைகளுக்குப் பழைய சாமானையே துணியில் சுற்றி எடுத்துப் போனேன். பேரிங் வளையத்தில் அடித்திருக்கும் எண்தான் அதன் உண்மையான பெயர். அதைச் சொன்னால் எந்தக் கம்பெனி பேரிங்கும் பொருந்தும். எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து போங்கள். டயருக்கு நான் பயப்படவில்லை: 6.00-16 டிராக்டர் முன்சக்கரத்துக்கும் போடுகிற அளவு என்பதால் எங்கேயும் கிடைக்கும். ஜீப்பில் வேகமாக இழுப்பவர்கள் மட்டும் டிராக்டர் டயர் வாங்காமல் ஜீப் டயராகக் கேட்டு வாங்குங்கள்.

படகின் அடி உட்காரும் ரப்பர் உருளைகள் எனக்குக் கிடைக்கவில்லை. கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் நைலான் கட்டையைக் கடைந்து வாங்கினேன். பக்கக் கட்டைகளுக்குக் கருவேலம் போட்டு, மேலே பழைய கன்வேயர் பெல்ட்டை அடித்தேன். மரத்தில் ஆணித்தலை வெளியே நின்றால் ஃபைபர் கீறிவிடும், உள்ளே இறக்கி அடியுங்கள்.

விளக்குக்கு எர்த் ஒயரைத் தனியாக இழுங்கள். கொக்கி வழியாக எர்த் வரட்டும் என்று விட்டால், துரு ஏறியதும் விளக்கு மினுங்கும். அப்புறம் ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதன் மேல் எனாமல்.

முதல் ஓட்டத்தில் பத்து கிலோமீட்டர் போய் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி; கை வைக்க முடியாவிட்டால் நட்டு இறுகியிருக்கலாம். கண்மாய்க் கரைக்குப் போனதும் உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி, விளக்கு ஒயரையும் கழற்றிவிட்டு இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹப் மூடியைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே பிரித்துக் கழுவிப் புதுச் சீல் போடுங்கள்.