புத்தர் தலங்களுக்குக் குழுவாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுவைப் பக்கத்திலிருந்து வடக்கே கிளம்பும் யாத்திரைக் குழுக்களின் நோட்டீஸில் காசி, பிரயாகை, அயோத்தி, கயா என்று வரிசை போகும். கடைசியில் 'புத்தகயா, சாரநாத்' என்று சேர்த்திருப்பார்கள். புத்தர் நடந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், அந்தக் கடைசி வரியை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய பேர். கயாவில் பிண்டம் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் வேனை புத்தகயாவில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். செல்போனை ஒப்படைத்து, செருப்பைக் கழற்றி, சோதனை வரிசையில் நின்று உள்ளே போவதற்கே அந்த நேரம் சரியாகிவிடும்.

ஆகவே பணம் கட்டும் முன் 'எந்தெந்த இடம் காட்டுவீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் இருப்போம், அது காலையா, உச்சிவெயிலா, இருட்டிய பிறகா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போய், தொல்பொருள் துறை கேட் பூட்டிய பிறகு இறங்கி, கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்த குழுக்கள் உண்டு.

எட்டையும் ஒரே மூச்சில் பார்ப்பது

புத்தர் தம் கடைசி நாட்களில் சீடர் ஆனந்தரிடம், அன்புள்ளவர்கள் சென்று காண வேண்டியவை என்று சொன்ன இடங்கள் நான்கு: பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்தகயா, முதல் உபதேசம் செய்த சாரநாத், பரிநிர்வாணம் அடைந்த குசிநகர். ராஜகிருகம் (இன்றைய ராஜ்கிர்), வைசாலி, சிராவஸ்தி, சங்காசியம் ஆகியவற்றைச் சேர்த்து எட்டு மகாதலங்கள் என்பது மரபு. இந்த எட்டும் பீகார், உத்தரப்பிரதேசம், நேபாளம் என்று மூன்று பக்கம் சிதறிக் கிடக்கின்றன. புத்தகயாவிலிருந்து வாரணாசிக்கே சுமார் 250 கிலோமீட்டர். அங்கிருந்து குசிநகருக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். ஒரு வாரத்தில் எட்டையும் முடிப்போம் என்று யாராவது சொன்னால், பகல் பொழுதெல்லாம் பஸ்ஸிலேயே கழியும் என்று அர்த்தம். முதல் முறை போகிறவர்களுக்கு அந்த நான்கோடு ராஜ்கிர், நாளந்தா சேர்ந்தாலே நிறைவான யாத்திரை. வயதானவர்கள் குழுவில் இருந்தால் நாளந்தாவைக்கூட விட்டுவிட்டு, புத்தகயாவில் கூடுதலாக ஓர் இரவு தங்கலாம் என்பேன்.

நம் ஊரிலிருந்து வடக்கே போகவும் திரும்பவும் ரயிலிலேயே நான்கு நாள் போய்விடும். அதையும் கணக்கில் வையுங்கள். ஐஆர்சிடிசி நடத்தும் பௌத்த யாத்திரை ரயில் டெல்லியிலிருந்து புறப்படுவது; சென்னையில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

எல்லையில் ஆதாரை நீட்டுவது

லும்பினி நேபாளத்தில் இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் கோரக்பூர் வழியாக சோனௌலி எல்லையைக் கடக்கும். இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மட்டுமே ஆதார் செல்லும். நடுவயதுக்காரர்கள் ஆதார் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் போய் எல்லையில் நிற்பது பரிதாபம்.

புதுவைக்காரர்களுக்கு இன்னொன்று. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இங்கே ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையோடு இந்தியர்களைப் போலவே வாழ்ந்து பழகியிருப்பார்கள். நேபாளம் அந்த அட்டையைப் பார்க்காது, பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கும். அவர்களுக்கு நேபாள விசா கட்டாயம்; எல்லையிலேயே கட்டணம் கட்டி வாங்கலாம். இந்தியப் பக்கத்தில் வெளியேறும் முத்திரை, நேபாளப் பக்கத்தில் நுழையும் முத்திரை, திரும்பும்போது மறுபடி இரண்டும் என்று எல்லாவற்றையும் குத்திக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்காக முழு பஸ்ஸும் காத்திருக்க நேரலாம். முன்கூட்டியே வழிநடத்துநரிடம் சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ப நேரம் ஒதுக்குவார்.

எல்லையைத் தாண்டியதும், ரோமிங் போடாத நம் ஊர் சிம் வேலை செய்யாது. சில்லறைக்கு 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். லும்பினி வளாகம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம். முழங்கால் வலி உள்ளவர்கள் நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்ப வேண்டாம், பேட்டரி ரிக்‌ஷா எடுங்கள். மாயாதேவி கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளியே நிற்கும் அசோகர் தூணை மட்டும் அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள். முடிசூடி இருபது ஆண்டுகள் ஆன பிறகு தாமே வந்து வணங்கியதையும், புத்தர் பிறந்த ஊர் என்பதால் அந்தக் கிராமத்தின் வரியைக் குறைத்ததையும் அசோகர் அதில் பொறித்திருக்கிறார். 1896-ல் இந்தத் தூண் அடையாளம் காணப்பட்ட பிறகுதான் லும்பினி எது என்பதே உலகத்துக்கு உறுதியானது.

மகாபோதியில் சிலையைப் பார்த்ததும் கிளம்புவது

புத்தகயாவில் நம்மவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது. கருவறையில் பொன்முலாம் பூசிய புத்தரைக் கும்பிட்டதும் 'தரிசனம் ஆச்சு, வாங்க' என்று கிளம்பிவிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால்தான் போதி மரம் இருக்கிறது, மரத்தடியில் புத்தர் அமர்ந்த இடத்தைக் குறிக்கும் கல்மேடையான வஜ்ராசனம். ஞானம் பெற்ற பிறகு புத்தர் ஏழு வாரங்கள் அங்கேயே சுற்றிச் சுற்றி இருந்தார் என்பது மரபு. மரத்தை இமைக்காமல் பார்த்து நின்ற இடம், நடந்த இடம், நாகராஜன் குடை பிடித்த முசலிந்தக் குளம் என்று ஒவ்வொரு வாரத்துக்கும் வளாகத்துக்குள்ளேயே ஓர் இடம் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பலகை உண்டு. அவற்றை வரிசையாகப் பார்க்க நிதானமாக இரண்டு மணி நேரம் வேண்டும். கோயில் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். வெயில் ஏறும் முன் போவது நல்லது.

இது புத்தர் அமர்ந்த அதே மரம் என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய மரம் 1876-ல் புயலில் சாய்ந்தது. இப்போதிருப்பது 1881-ல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் நட்ட அதன் வழிக்கன்று. வழிவழியாக வந்த மரம் என்பதில் அதன் பெருமை குறையவில்லை. கிளையைத் தொடுவதோ இலை பறிப்பதோ கூடாது. பர்மா, தாய்லாந்து, வியட்நாமிலிருந்து வந்தவர்கள் மணிக்கணக்கில் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். காற்றில் ஓர் இலை கழன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து, அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். அந்த அமைதிக்கு நடுவே 'ஏம்மா, சாப்பாடு எங்க?' என்று நாம் குரல் கொடுத்தால் எல்லாத் தலையும் திரும்பும். குழுத் தலைவர் வாசலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

2013-ல் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உள்ளே செல்போனுக்குத் தடை. இதனால் வரும் சிக்கலை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை: உள்ளே பிரிந்துவிட்டால் ஒருவரையொருவர் கூப்பிட வழியில்லை. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கூடுவது என்று வெளியிலேயே பேசி வையுங்கள். பெரியவர்கள் பையில் தங்குமிடத்தின் பெயர், வழிநடத்துநரின் எண் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். இந்தி தெரியாத அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ அந்தச் சீட்டுதான் துணை.

ஸ்தூபியையும் மரத்தையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். பிக்குகளுக்கு உணவு தானம் செய்ய விரும்பினால் நண்பகலுக்கு முன் கொடுங்கள். தேரவாத பிக்குகள் அதற்குப் பிறகு உண்பதில்லை. பெண்கள் அவர்களைத் தொட்டு ஆசி வாங்கக் கூடாது. காவி கட்டியவர் தெருவில் கை நீட்டிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. காணிக்கையை விகாரையின் (பௌத்த மடத்தின்) உண்டியலில் போடலாம், அலுவலகத்தில் ரசீது வாங்கியும் கொடுக்கலாம்.

மற்றவை

ராஜ்கிரில் ரோப்கார் ஏறினால் கழுகுமலையான கிருத்ரகூடத்தில் இறங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது போய்ச் சேருவது ரத்னகிரி மேல் இருக்கும் விஸ்வ சாந்தி ஸ்தூபிக்கு. புத்தர் உபதேசித்த கிருத்ரகூடத்துக்கு அங்கிருந்து படியில் இறங்கி நடக்க வேண்டும். ஸ்தூபியோடு திரும்பிவிட்டால் முக்கியமான இடத்தை விட்டுவிட்டீர்கள்.

சாரநாத், நாளந்தா அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் தேசியச் சின்னமான சிங்கத் தலைப்பின் மூலக்கல் சாரநாத் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பயணத் திட்டத்தில் அந்த நாள் வெள்ளியாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் அங்கே மூடுபனி. ரயில் பல மணி நேரம் தாமதமாகும். மார்கழிப் பனியே குளிர் என்று பழகிய நாம் மெல்லிய ஸ்வெட்டரோடு போய்க் காய்ச்சலில் விழுகிறோம். அந்த மாதங்களில் திபெத்தியப் பெருவழிபாடுகள் நடந்தால் புத்தகயாவில் அறையும் கிடைக்காது. வைகாசி பௌர்ணமிக்குப் போக ஆசைதான், ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, அல்லது பிப்ரவரி, மார்ச் நல்ல காலம்.

புதுவையிலிருந்து போகிறவர்கள் இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள்: 2016 முதல் பீகாரில் முழு மதுவிலக்கு. ஒரு பாட்டில் பையில் இருந்தாலும் கைது, வழக்கு. ஒருவர் செய்தால் மொத்தக் குழுவின் பயணமும் நின்றுபோகும்.

குசிநகரிலும் நாளந்தாவிலும் 'வெறும் செங்கல்தானே' என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கதை தெரியாமல் போனால் அப்படித்தான் தோன்றும். தமிழ் பேசும் உள்ளூர் வழிகாட்டி அங்கே அரிது. குழுவோடு விஷயம் தெரிந்த ஒருவர் வருகிறாரா என்று கேட்பது சாப்பாட்டு மெனு கேட்பதைவிட முக்கியம். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். புத்தர் வாழ்வை அடுத்தடுத்துச் செதுக்கிய அமராவதிக் கற்களும், சோழர் காலத்தில் சூடாமணி விகாரை நின்ற நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கல்லைக் காட்டியே கதையைச் சொல்லிவிடலாம். அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை.